கமிஷன் போட்டாச்சு, சரி. எந்தச் சட்டத்தில் போட்டார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி கடந்து, முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். பேச்சு மாறாது, சாம்பார் மாறாது. பெட்ரோல் விலையும் சரக்கு விலையும் மாறும் என்பது ஊருக்கே தெரியும். மனுவை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டிய ஆணையமும் அங்கே மாறுகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாது. ரெட்டிச்சாவடிக்காரர் தன் ஊர் அரசு அலுவலகத்தின் மீது தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டாம் மேல்முறையீடு போட்டால் அது சென்னைக்குப் போகும். அவருடைய முள்ளோடைச் சம்பந்தி புதுச்சேரி அரசு அலுவலகத்தின் மீது போட்டால் டெல்லிக்குப் போகும். இவர் வீட்டு மின் கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையம் சென்னையில் இருக்கிறது. அவர் வீட்டுக் கட்டணத்தை முடிவு செய்வது குருகிராமில்.

'ஆணையம்' என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அமைப்புகள் இருப்பதால் வரும் குழப்பம் இது. நம் ஊரில் 'கமிஷன்' என்றாலே தரகுக் காசு என்று ஒரு பொருள் உண்டு. அது போக மிச்சமிருக்கும் பொருளிலும் இத்தனை வகை. ஒரு விபத்து, துப்பாக்கிச்சூடு, கள்ளச்சாராயச் சாவு என்றால் "விசாரணை ஆணையம் அமைக்கப்படும்" என்று அன்று மாலையே அறிவிப்பு வருகிறது. டிவி விவாதத்தில் எல்லாரும் நீதிபதி யார் என்று பேசுகிறார்கள். நீதிபதியின் பெயரைவிட முக்கியமான வரி ஒன்று அரசாணையில் இருக்கிறது: 'எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்' என்ற வரி. ஆணையத்துக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள், பணம் எங்கிருந்து வரும், சம்மன் அனுப்ப முடியுமா, சொன்னால் அரசு கேட்டாக வேண்டுமா, எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

அதை வைத்துப் பார்த்தால் ஆணையங்களை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம். அரசியலமைப்பிலேயே பெயர் உள்ளவை: மாநிலத் தேர்தல் ஆணையம் (பிரிவு 243கே), ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்க வேண்டிய மாநில நிதி ஆணையம் (243ஐ), அரசுப் பணியாளர் தேர்வாணையம் (315). இவற்றை ஒரு முதலமைச்சருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கலைக்க முடியாது. அடுத்து, நாடாளுமன்றமோ சட்டப்பேரவையோ இயற்றிய சட்டத்தால் பிறந்தவை: மனித உரிமைகள் ஆணையம், தகவல் ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோர் ஆணையம். மூன்றாவது, ஒரு சம்பவத்துக்காகவோ ஒரு கேள்விக்காகவோ தற்காலிகமாக அமைக்கப்படுபவை. செய்தித்தாளில் அதிகம் அடிபடுவது இந்த மூன்றாவதுதான். அதிகம் ஏமாற்றம் தருவதும் அதுவே.

அந்த மூன்றாவது குடும்பத்துக்குள்ளேயும் இரண்டு சாதி உண்டு. 1952-ம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3-வது பிரிவில் அமைத்தால் அது முழு ஆணையம். வெறும் நிர்வாக உத்தரவில் 'உயர்மட்டக் குழு', 'ஒரு நபர் குழு' என்று அமைத்தால், தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதியாகவே இருந்தாலும் அவரால் ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கூண்டில் ஏற்ற முடியாது. கூப்பிட்டால் வரலாம், வராமலும் போகலாம். அதே சட்டத்தின் 11-வது பிரிவில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, அப்படிப்பட்ட குழுவுக்கும் அந்த அதிகாரங்களைக் கொடுக்க அரசுக்கு வழி இருக்கிறது. கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அரசாணையைப் படிக்கும் விதம்

தமிழ்நாட்டு அரசாணையின் தலைப்பிலேயே '(நிலை)' என்றோ '(வாலாயம்)' என்றோ போட்டிருக்கும். கொள்கை சார்ந்த, நிலைத்து நிற்கும் ஆணைகள் நிலை. அன்றாட நிர்வாக ஆணைகள் வாலாயம். கீழே 'சுருக்கம்', அதற்குக் கீழே 'படிக்கப்பட்டவை', பிறகு 'ஆணை' என்று போகும். விசாரணை ஆணையம் என்றால் ஆணையோடு அரசிதழ் அறிவிக்கையும் இணைந்திருக்க வேண்டும். சட்டம் கேட்பது அரசிதழை. முதலமைச்சரின் பேட்டியோ பத்திரிகைச் செய்திக் குறிப்போ ஆணையத்தை உருவாக்காது.

அறிவிக்கையில் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். முதலாவது, சட்டப் பிரிவு. இரண்டாவது, விசாரணை வரம்பு. சட்டம் 'பொது முக்கியத்துவம் வாய்ந்த திட்டவட்டமான விஷயம்' என்று கேட்கிறது. 'திட்டவட்டமான' என்பதில்தான் பிடி இருக்கிறது. 'சம்பவத்துக்கான காரணங்களும் சூழ்நிலைகளும்' என்று மட்டும் எழுதினால், யார் உத்தரவிட்டார் என்ற கேள்வி உள்ளே வருமா வராதா என்று முதல் நாளே வக்கீல்கள் மல்லுக்கு நிற்பார்கள். 'பயன்படுத்தப்பட்ட பலம் தேவைக்கு ஏற்ற அளவில் இருந்ததா', 'அதிகாரிகள் தரப்பில் தவறு உண்டா', 'இனி நிகழாமல் தடுக்கப் பரிந்துரை' என்று தனித்தனியாக இருந்தால்தான் அறிக்கையில் தனித்தனிப் பதில் கிடைக்கும். கேட்காத கேள்விக்கு ஆணையம் பதில் சொன்னால், பாதிக்கப்படுபவர் நீதிமன்றத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிய வைத்துவிடலாம்.

மூன்றாவது, காலக்கெடு. நான்காவது, 5-வது பிரிவின் கூடுதல் அதிகாரங்கள் தரப்பட்டிருக்கின்றனவா என்பது. 4-வது பிரிவு தானாகவே வந்துவிடும்: சம்மன் அனுப்புவது, ஆவணங்களை வரவழைப்பது, பிரமாணப் பத்திரத்தில் சாட்சியம் பெறுவது, அரசு அலுவலகக் கோப்புகளைக் கேட்டு வாங்குவது என்று உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள். 5-வது பிரிவு தனியாகச் சொன்னால்தான் வரும். எந்த நபரையும் தகவல் தரச் சொல்வது, கெசட்டட் பதவிக்குக் குறையாத அதிகாரியை அனுப்பி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் கைப்பற்றுவது அதில் இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் 5-வது பிரிவு இல்லாத ஆணையம் என்றால், கம்பெனி கொடுக்கும் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

கடைசிப் பக்கத்தில் 'பெறுநர்' பட்டியல் இருக்கும். அதையும் விடாதீர்கள். மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாநிலக் கணக்காயர், சம்பளக் கணக்கு அலுவலர், நிதித்துறை ஆகியோர் அதில் இருந்தால் பணமும் ஆளும் பற்றி யாரோ யோசித்திருக்கிறார்கள். வெறும் துறைச் செயலாளரும் நீதிபதியும் மட்டும் இருந்தால், இன்னொரு அரசாணை வரும்வரை ஆணையத்துக்கு நாற்காலிகூட வராது.

நாற்காலி, சுருக்கெழுத்தாளர், வாகனம்

ஆணையம் தாமதமாவதற்குச் சதியெல்லாம் எப்போதும் தேவையில்லை. நீதிபதியை நியமிக்க ஒரு நாள் போதும். அலுவலகத்தை அமைக்க வாரக்கணக்காகும். செயலாளர் ஒருவர் வேண்டும், வழக்கமாக நீதித்துறையிலிருந்தோ வருவாய்த் துறையிலிருந்தோ. ஆணையத்துக்கென்று வழக்கறிஞர் வேண்டும். சாட்சியை முதலில் விசாரிப்பவர் அவர்தான். சுருக்கெழுத்துத் தட்டச்சர்கள், உதவியாளர்கள், அலுவலக உதவியாளர், ஓட்டுநர், காவலர். ஒவ்வொரு பணியிடத்தையும் தோற்றுவிக்க நிதித்துறையின் இசைவு வேண்டும். ஆட்கள் வேறு துறையிலிருந்து இரவலாக, அதாவது அயற்பணியில் வருவார்கள், அல்லது ஓய்வுபெற்றவர்கள் தொகுப்பூதியத்தில் வருவார்கள்.

இதில் சிக்கும் இடம் பெரும்பாலும் சுருக்கெழுத்தாளர். நூறு சாட்சிகள், ஒவ்வொருவருக்கும் குறுக்கு விசாரணை என்றால் வாக்குமூலங்கள் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். கேட்டு எழுதி, தட்டச்சு செய்து, சாட்சியிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, தரப்புகளுக்கு நகல் கொடுக்க வேண்டும். தமிழில் வேகமாக எடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் என்றால் ஒரு நாளில் மூன்று சாட்சியைத் தாண்டாது. மாவட்டத்தில் முகாம் அமர்வு என்றால் அரசு விருந்தினர் மாளிகையின் கூடத்தில் மேசை போட்டு, மின்சாரம் போனால் எழுந்து நின்று, வக்கீல்கள் ஊருக்குத் திரும்பும் நேரம் பார்த்து முடிக்க வேண்டும்.

தற்காலிகப் பணியிடங்களுக்கு ஆயுள் உண்டு. ஆணையத்தின் காலத்தை நீட்டித்தால் போதாது, பணியிடங்களையும் நீட்டித்துத் தனி ஆணை போட வேண்டும். முதல் ஆணை வந்து இரண்டாவது வராவிட்டால் விசாரணை சட்டப்படி உயிரோடு இருக்கும், ஊழியர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட முடியாது. அயற்பணியில் வந்தவர் தாய்த்துறைக்குத் திரும்பிப் போகவே வழி பார்ப்பார். அவர் போனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்று பொருள்.

நிரந்தர ஆணையங்களின் கதை இதைவிடக் கொஞ்சம் மேல். மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993-ன் 27-வது பிரிவு மாநில அரசை நேரடியாகக் கட்டாயப்படுத்துகிறது: அரசுச் செயலாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைச் செயலாளராகத் தர வேண்டும், ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் கீழ் போலீசையும் புலனாய்வு ஊழியர்களையும் தர வேண்டும். பணம் சட்டப்பேரவை ஒப்புதலோடு மானியமாக வரும், கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணையத்துக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு போலீஸ் மீது. அதை விசாரிக்கப் போகிறவரும் இரண்டு மூன்று வருஷத்தில் காவல் நிலையத்துக்கோ எஸ்.பி. அலுவலகத்துக்கோ திரும்பப் போகிற போலீஸ். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் இது. தனக்கென்று புலனாய்வுப் பணித்தொகுதி இல்லாத ஆணையம் அடுத்தவர் கண்ணால்தான் பார்க்கும்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கு ஒரு தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். 2019 திருத்தத்துக்கு முன்பு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் மட்டுமே தலைவராகலாம். இப்போது உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரும் ஆகலாம். ஓர் உறுப்பினர் உயர் நீதிமன்ற நீதிபதி, அல்லது ஏழாண்டு அனுபவமுள்ள மாவட்ட நீதிபதி. இன்னொருவர் மனித உரிமைத் துறையில் அறிவோ அனுபவமோ உள்ளவர். முதலமைச்சர், பேரவைத் தலைவர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் கொண்ட குழு பரிந்துரைக்க, ஆளுநர் நியமிக்கிறார். பதவிக்காலம் ஐந்தாண்டாக இருந்தது, 2019-க்குப் பிறகு மூன்றாண்டு அல்லது 70 வயது. நியமிப்பது ஆளுநர், நீக்க முடிந்தவர் குடியரசுத் தலைவர் மட்டும், அதுவும் உச்ச நீதிமன்றம் விசாரித்த பிறகு. கொடுத்த கை பிடுங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

தகவல் ஆணையத்துக்குத் தலைமைத் தகவல் ஆணையரும் அதிகபட்சம் பத்து ஆணையர்களும் இருக்கலாம். தேர்வுக் குழு மூன்று பேர்: முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் பெயர் சொல்லும் ஓர் அமைச்சர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எப்போதும் இரண்டுக்கு ஒன்று. எதிர்க்கட்சித் தலைவர் மாற்றுக் கருத்தை எழுதி வைக்கலாம், தடுக்க முடியாது. ஆனாலும் அந்த எழுத்து பின்னாளில் வழக்குக்கு உதவும். 2019-க்கு முன் ஐந்தாண்டுப் பதவி, சம்பளம் எல்லாம் சட்டத்திலேயே இருந்தன. இப்போது மத்திய அரசின் விதிகளில்: மூன்றாண்டு, மாதம் 2,25,000 ரூபாய்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கான ஏற்பாடு இவை எல்லாவற்றையும்விடக் கறாரானது. தேர்வுக் குழுவில் அரசியல்வாதியே கிடையாது: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர், தலைமைச் செயலாளர், மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர். ஒரு காலியிடத்துக்கு இரண்டு பெயர். பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அரசு தேர்வைத் தொடங்க வேண்டும், குழு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியும் இடம் காலியாகக் கிடந்த கதை உண்டு. ஆணையத்தில் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் தமிழ்நாட்டில் கட்டண உயர்வு மனு வந்தபோது அந்தச் சட்ட உறுப்பினர் இடம் காலி. அதை நிரப்பாமல் இறுதி உத்தரவு போடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி தடுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதி அமர்வு அந்தத் தடையை விலக்கிய பிறகே செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் மாநிலம் முழுவதற்குமான கரண்ட் பில் நீதிமன்றத்தில் ஊசலாடியது.

நியமன முறை பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேர்வாணையமே சாட்சி. 1929-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய பழம்பெரும் அமைப்பு அது. 2016 டிசம்பரில் அதன் உறுப்பினர்கள் 11 பேரின் நியமனத்தை உயர் நீதிமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. தகுதியானவர்களைத் தேடி, பரிசீலித்து, ஒப்பிட்டுப் பார்த்ததற்கான தடயம் கோப்பில் வேண்டும். அது இல்லாவிட்டால் நியமிக்கப்பட்டவர் நல்லவராகவே இருந்தாலும் நிற்காது.

தேர்தல் ஆணையருக்கு வேறொரு சிக்கல். பல இடங்களில் பதவியில் இருக்கும் அரசுச் செயலாளர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாக அதைக் கொடுத்துவிடும் பழக்கம் இருந்தது. கோவாவில் சட்டச் செயலாளரிடம் அப்படிக் கொடுத்தார்கள். 2021 மார்ச் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, அரசில் பணியாற்றும் எவரும் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்தே சொன்னது.

சொன்னால் கேட்டாக வேண்டுமா?

விசாரணை ஆணையம் சொன்னால், கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் 1958-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: ஆணையம் உண்மையைக் கண்டறிந்து பரிந்துரைக்கும், தீர்ப்பளிக்காது. யாரையும் தண்டிக்க முடியாது, இழப்பீட்டை வசூலிக்க முடியாது. அங்கே சாட்சி சொன்னதைப் பிறகு அவர் மீதான குற்ற வழக்கில் அவருக்கெதிராகப் பயன்படுத்தவும் முடியாது, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர. 1952 சட்டத்தின் 6-வது பிரிவு தரும் இந்தப் பாதுகாப்பு மக்களை மனம் திறந்து பேச வைப்பதற்காக வைத்தது. "ஆணையத்தில் ஒப்புக்கொண்டாரே, ஏன் கைது இல்லை?" என்ற கேள்விக்குப் பதிலும் அதுதான்.

அரசைக் கட்டுப்படுத்துவது அதே சட்டத்தின் 3(4) பிரிவு மட்டுமே. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு சேர்த்துப் பேரவையில் வைக்க வேண்டும். தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதம் தரப்பட்டது, அக்டோபர் 18 அன்று பேரவைக்கு வந்தது. அதே நாளில் வந்த இன்னொன்று, ஜெயலலிதா மரணம் பற்றிய நீதிபதி ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை. 2017 செப்டம்பரில் மூன்று மாதக் கெடுவோடு தொடங்கியது அது. பத்துக்கும் மேற்பட்ட நீட்டிப்புகள். நடுவே மருத்துவமனைத் தரப்பு போன வழக்கில் 2019-லிருந்து 2021 வரை உச்ச நீதிமன்றத் தடை. மூன்று மாதம் என்று அரசாணையில் பார்த்தால் அதை ஒரு வேண்டுதலாக எடுத்துக்கொள்வதே நல்லது. பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் பலிவாங்கிய கள்ளச்சாராயத்துக்காக அமைத்த நீதிபதி கோகுல்தாஸ் ஆணையத்துக்கும் முதலில் எழுதிய கெடு மூன்று மாதம்தான்.

தடைகள் வருவது பெரும்பாலும் 8பி பிரிவின் வழியாக. ஒருவருடைய நடத்தை ஆராயப்படப் போகிறது, அவர் பெயருக்குக் களங்கம் வரலாம் என்றால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, எதிர்வாதம் செய்யவும் சாட்சி கொண்டுவரவும் வாய்ப்பு தர வேண்டும். 8சி குறுக்கு விசாரணைக்கும் வழக்கறிஞருக்கும் உரிமை தருகிறது. இதைத் தவறவிட்டால் அறிக்கையில் அவரைப் பற்றிய பகுதி நிற்காது. இதற்கான முன்னோடித் தீர்ப்பில் நம் பக்கத்துக்குப் பழக்கமான பெயர் ஒன்று இருக்கிறது. 1988-ல் டெல்லியில் வக்கீல்கள் மீது நடந்த தடியடியை விசாரித்த குழு, அப்போது அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த கிரண் பேடியை முதலிலேயே கூண்டில் ஏறச் சொன்னது. 8பி-யின் கீழ் வருபவரை மற்றச் சாட்சிகள் முடிந்த பிறகே விசாரிக்க வேண்டும் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சொன்னது. பிற்காலத்தில் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக வந்தவர் அவரேதான்.

மனித உரிமைகள் ஆணையம் சொல்வதும் சட்டத்தில் 'பரிந்துரை'தான். ஒரு மாதத்துக்குள் அரசு கருத்துச் சொல்ல வேண்டும். இதை வைத்துக்கொண்டு அரசு ஆண்டுக்கணக்கில் கோப்பைத் தூங்க வைத்தது, தண்டத் தொகை விதிக்கப்பட்ட அதிகாரிகள் ஒவ்வொருவரும் ரிட் மனு போட்டார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு, 18-வது பிரிவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. தகவல் ஆணையத்தின் முடிவுக்குச் சட்டத்திலேயே கட்டுப்படுத்தும் சக்தி உண்டு. தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். எல்லாவற்றிலும் பல் உள்ளது நுகர்வோர் ஆணையம்: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஆணையம் என்ற பெயர் இருந்தாலும் அது கிட்டத்தட்ட நீதிமன்றம்.

அறிக்கைக்குக் காத்திராமல் அரசு முந்திக்கொண்டாலும் ஆபத்து உண்டு. நம் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. சாதிவாரிப் புள்ளிவிவரம் திரட்ட 2020 டிசம்பரில் நீதிபதி குலசேகரன் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை வருமுன்பே, 2021 பிப்ரவரி 26 அன்று வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1980-களின் அம்பாசங்கர் ஆணையத் தரவு போதாது, இன்றைய தரவு வேண்டும் என்பது அதில் முக்கியமான காரணம். ஒதுக்கீடு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று: ஆணையம் தரவைக் கையில் கொடுத்த பிறகு சட்டம் வந்திருந்தால் வழக்கின் முகம் வேறாக இருந்திருக்கும்.

முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரிக்குச் சட்டப்பேரவை உண்டு, முதலமைச்சர் உண்டு. இருந்தும் பல சட்டங்களின் கண்ணில் அது யூனியன் பிரதேசம். தகவல் உரிமைச் சட்டம், யூனியன் பிரதேச நிர்வாகத்தின் நிதியில் இயங்கும் அலுவலகங்களுக்கு 'உரிய அரசு' மத்திய அரசு என்கிறது. அதனால்தான் இரண்டாம் மேல்முறையீடு டெல்லி மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. தேர்வாணையம் தனியாக இல்லை. உயர் பதவிகளுக்கு யுபிஎஸ்சி. மின்சாரத்துக்கு, கோவாவையும் யூனியன் பிரதேசங்களையும் சேர்த்த கூட்டு ஒழுங்குமுறை ஆணையம். இதில் ஒரு வேடிக்கை: குருகிராமில் இருக்கும் அந்த ஆணையம் கட்டண மனுவுக்காகப் புதுச்சேரிக்கே வந்து கருத்துக் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு ஆணையம் கருத்துக் கேட்ட ஊர்கள் கோவை, மதுரை, சென்னை. கடலூர்க்காரர் பேச வேண்டுமானால் சென்னைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

மனித உரிமைக்கு, பக்கத்து மாநில ஆணையத்திடம் யூனியன் பிரதேசத்தின் பொறுப்பை ஒப்படைக்க மத்திய அரசுக்கு 2019 திருத்தம் வழி வைத்திருக்கிறது. தேசிய ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் புதுச்சேரிக்கு மாநில அளவிலேயே சொந்தமாக உண்டு.

மாநிலத் தேர்தல் ஆணையமும் அங்கே உண்டு. அது நடத்த வேண்டிய தேர்தல்தான் இல்லை. 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுகள் உருண்டன. 2021-ல் தேதி அறிவித்தும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றது. அரசியலமைப்பில் பெயர் இருந்தும் வார்டு வரையறை, ஒதுக்கீட்டுக் கணக்கு, அரசின் ஒத்துழைப்பு எல்லாம் சேராமல் ஆணையரால் ஒரு வாக்குப்பெட்டியைக்கூட நகர்த்த முடியாது.

மனு எழுதப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மனித உரிமைகள் ஆணையத்துக்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். வேறொரு ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை அது தொடாது. எல்லா இடத்துக்கும் ஒரே மனுவை அனுப்பினால் எல்லா இடத்திலும் 'அங்கே நிலுவையில் உள்ளது' என்று முடித்துவைக்கும் ஆபத்து அதனால்தான் வருகிறது. தகவல் உரிமையில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள். விசாரணை ஆணையம் என்றால் நாளிதழில் வரும் அறிவிப்பைப் பாருங்கள். எத்தனை நாளுக்குள், எத்தனை நகலோடு பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் கெடு பெரும்பாலும் சில வாரங்கள்தான். பத்திரத்தில் கோபத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்: எத்தனை மணிக்கு எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரம், யார் பக்கத்தில் இருந்தார்கள், எதைக் கண்ணால் பார்த்தீர்கள், எதைப் பிறர் சொல்லிக் கேட்டீர்கள். கேட்டதையும் பார்த்ததையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் குறுக்கு விசாரணையில் முதல் பத்து நிமிடத்தில் இரண்டும் சேர்ந்து போய்விடும். தந்ததற்கு ஒப்புகை வாங்கி, அதில் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.